வீட்டுத் திரையரங்கில் ஒலி: இரட்டைப் பெருக்கியும் சமனிலை இணைப்பும்

இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு

பெரிய திரைத் தொலைக்காட்சி வாங்கிய வீட்டில் அடுத்து எழும் ஆசை நல்ல ஒலி. படம் பெரிதாகிவிட்டது, ஒலி மட்டும் ஏன் சிறிதாக இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. கடைக்குப் போகிறோம். அங்கே இரண்டு சொற்கள் நம் காதில் விழுகின்றன. ஒன்று 'பை-ஆம்ப்பிங்', மற்றொன்று 'பேலன்ஸ்டு கனெக்‌ஷன்'. இவை இரண்டும் இருந்தால் வீடு திரையரங்காகிவிடும் என்கிறார்கள். இரண்டும் இல்லையென்றால் வாங்கியதெல்லாம் வீண் என்றும் சொல்வார்கள்.

இவை இரண்டும் பொய்யான சொற்கள் அல்ல. ஒலிப் பொறியியலில் நெடுநாளாகப் பயன்பட்டுவரும் உண்மையான முறைகளே. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு உரிய மருந்து. அந்த நோய் நம் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தை மட்டும் வாங்குவது பணத்தை வீணாக்கும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். வகுப்பறையில் படித்த இயற்பியலைக் கொண்டு, இவ்விரண்டும் என்ன, எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன் ஒரு சொல்விளக்கம். தமிழில் ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்கிறோம். ஆம்ப்ளிபயரையும் பெருக்கி என்கிறோம். இரண்டும் குழம்பாமல் இருக்க, இக்கட்டுரையில் 'பெருக்கி' என்றால் ஆம்ப்ளிபயர் மட்டுமே. ஸ்பீக்கரை ஸ்பீக்கர் என்றே எழுதுகிறேன்.

ஒலியை ஏன் பிரிக்க வேண்டும்?

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எனவே 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.43 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 3.43 சென்டிமீட்டர்தான். முன்னது ஓர் அறையின் அகலம். பின்னது ஒரு தீப்பெட்டியைவிடச் சிறியது.

தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் கனத்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அகன்ற கூம்பு தேவை. ஜாலராவின் ஒலிக்கு மிக வேகமாக அசையும் இலேசான சிறு தகடு தேவை. அகன்ற கூம்பு அவ்வளவு வேகமாக அசையாது. அசைந்தாலும் உயர்ந்த ஒலியைப் பரப்பாமல் டார்ச் விளக்கைப்போல ஒரே திசையில் குவித்துவிடும். ஆகவேதான் நல்ல ஸ்பீக்கர் பெட்டியில் வூஃபர், ட்வீட்டர் என்று குறைந்தது இரு உறுப்புகள் இருக்கின்றன.

இன்று நாம் காணும் சுருள் அசையும் ஸ்பீக்கரின் அடிப்படையை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவரும் 1925-இல் வெளியிட்டனர். 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வுக்கூடத்தார், பிலடெல்பியா நகரில் வாசித்த இசைக்குழுவின் ஒலியைக் கம்பி வழியே வாஷிங்டனில் உள்ள ஓர் அரங்கத்துக்குக் கொண்டுசென்று மேடையில் ஒலிக்கச் செய்தனர். அப்போதே தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனி ஸ்பீக்கர்களை அவர்கள் பயன்படுத்தினர். ஆக, ஒலியைப் பிரித்துக் கொடுப்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம்.

பெருக்கிக்கு முன்பா, பின்பா?

ஒலியைப் பிரிக்கும் சுற்றுக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வழக்கமான வீட்டு ஸ்பீக்கரில் அது பெட்டிக்குள்ளேயே, அதாவது பெருக்கிக்குப் பின்னால் இருக்கிறது. கம்பிச்சுருள் உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும். மின்தேக்கி தாழ் அதிர்வெண்ணைத் தடுக்கும். இவ்விரு பாடங்களையும் நாம் மாறுதிசை மின்னோட்டத்தில் படித்திருக்கிறோம். சுருளை வூஃபருக்கும் மின்தேக்கியை ட்வீட்டருக்கும் தொடரிணைப்பாகப் போட்டால் பிரிப்பு முடிந்தது. பெரும்பாலான இருபகுதி ஸ்பீக்கர்களில் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஓரிடத்தில் இப்பிரிவு நிகழ்கிறது.

மற்றொரு முறையில், கிராஸ்ஓவர் பெருக்கிக்கு முன்னால் நிற்கும். சிறிய மின்னழுத்தமாக இருக்கும்போதே ஒலிக்குறியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெருக்கிக்கு அனுப்புகிறோம். வூஃபருக்கு ஒரு பெருக்கி, ட்வீட்டருக்கு ஒரு பெருக்கி. இதுவே முழுமையான இரட்டைப் பெருக்கி முறை. சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் என்ற பொறியாளர் இவ்வகைக் கிராஸ்ஓவர்களைப் பற்றி 1976-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை புகழ்பெற்றது. அவர் பெயரும் அவருடன் பணியாற்றிய ரைலியின் பெயரும் சேர்ந்து 'லிங்க்விட்ஸ்-ரைலி' என்று ஒரு வகை கிராஸ்ஓவருக்கு வழங்கிவருகிறது.

ஒரு சிறு கணக்கு

முன்னால் பிரிப்பதால் என்ன இலாபம்? ஒரு பாட்டில் தாழ்ந்த ஒலியின் உச்ச மின்னழுத்தம் 10 வோல்ட், உயர்ந்த ஒலியின் உச்சமும் 10 வோல்ட் என்று கொள்வோம். ஒரே பெருக்கியாக இருந்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கணத்தில் அது 20 வோல்ட் தர வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு, உச்ச மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையின் இருமடங்கால் வகுத்தால் திறன் கிடைக்கும். 400-ஐ 16-ஆல் வகுத்தால் 25 வாட். அதாவது 25 வாட் பெருக்கி தேவை.

முன்னாலேயே பிரித்துவிட்டால் ஒவ்வொரு பெருக்கியும் 10 வோல்ட் தந்தால் போதும். 100-ஐ 16-ஆல் வகுக்க, 6.25 வாட். இரண்டு பெருக்கிகளுக்கும் சேர்த்து 12.5 வாட்டில், 25 வாட் பெருக்கியின் வேலை முடிந்துவிடுகிறது!

ஆனால் உண்மையான இசையில் உயர்ந்த ஒலியின் பங்கு குறைவு. 16 வோல்ட் தாழ்ந்த ஒலி, 4 வோல்ட் உயர்ந்த ஒலி என்று வைத்துக்கொண்டால், பெருக்கிகளுக்கு முறையே 16 வாட்டும் 1 வாட்டும் தேவை. மொத்தம் 17. இலாபம் குறைந்தது; எனினும் இலாபமே. இன்னொரு நன்மையும் உண்டு. தாழ்ந்த ஒலிப் பெருக்கி தன் எல்லையைத் தாண்டி அலையின் உச்சி வெட்டுப்பட்டாலும், அதனால் பிறக்கும் கரகரப்பு ட்வீட்டருக்குப் போவதில்லை.

கடையில் விற்கப்படும் இரட்டைப் பெருக்கி

இப்போது கடைக்கு வருவோம். சில ஸ்பீக்கர்களின் முதுகில் இரண்டு முனைகளுக்குப் பதில் நான்கு முனைகள் இருக்கும். மேல் சோடியையும் கீழ் சோடியையும் பித்தளைத் தகடுகள் இணைத்திருக்கும். தகடுகளைக் கழற்றிவிட்டு, மேல் சோடிக்கு ஒரு பெருக்கியும் கீழ் சோடிக்கு ஒரு பெருக்கியும் கொடுங்கள் என்கிறார்கள். ஏழு வழி கொண்ட ஏ.வி. ரிசீவரில் ஐந்து ஸ்பீக்கர்கள் மட்டும் இருந்தால், மீதமுள்ள இரண்டு வழிகளை இதற்குத் திருப்பிவிடும் வசதியும் பல ரிசீவர்களில் இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கிராஸ்ஓவர் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. எனவே இரு பெருக்கிகளுக்கும் முழு ஒலிக்குறியே போகிறது. ட்வீட்டருக்கு உரிய பெருக்கியும் அதே 20 வோல்ட்டைத் தந்தாக வேண்டும். மின்தேக்கி தடுப்பதால் அதிலிருந்து குறைந்த மின்னோட்டமே செல்கிறது என்பது உண்மை. அந்த அளவுக்குச் சுமை குறைகிறது. ஆனால் மின்னழுத்த எல்லை சிறிதும் உயரவில்லை. நாம் மேலே போட்ட கணக்கின் இலாபம் இங்கே கிடையாது. அதோடு, ஒரே ரிசீவருக்குள் இருக்கும் வழிகள் எல்லாம் ஒரே மின்மாற்றியிலிருந்துதான் உண்கின்றன. இலை இரண்டு போட்டாலும் சோறு ஒரே பானையில்தான்.

இதைச் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பித்தளைத் தகடுகளைக் கழற்ற மறந்தால் இரு பெருக்கிகளின் வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்; பெருக்கி புகையக்கூடும். இரண்டாவது, இரண்டு பெருக்கிகளும் ஒரே அளவில் பெருக்க வேண்டும். ஒன்று கூடுதலாகவும் ஒன்று குறைவாகவும் பெருக்கினால், ஸ்பீக்கரை வடிவமைத்தவர் பார்த்துப் பார்த்து அமைத்த சமநிலை குலைந்துவிடும். கூடிப்போன உயர்ந்த ஒலியைக் கேட்டு 'ஆகா, தெளிவு வந்துவிட்டது' என்று மகிழ்வோரும் உண்டு!

சமனிலை இணைப்பு என்றால் என்ன?

சாதாரண ஆர்.சி.ஏ. கம்பியில் நடுவே ஒரு கம்பி ஒலிக்குறியைக் கொண்டுசெல்கிறது. சுற்றியுள்ள வலைப்பின்னல் திரும்பும் வழியாகவும் காப்பாகவும் இருக்கிறது. ஒருவரே காவல்காரராகவும் தபால்காரராகவும் வேலை பார்ப்பது போன்றது இது. வலைப்பின்னலில் வேண்டாத மின்னோட்டம் ஏதேனும் ஓடினால், அது உண்டாக்கும் சிறு மின்னழுத்தமும் ஒலிக்குறியோடு சேர்ந்துவிடும். நம் நாட்டின் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ். ஆகவே 50, 100 ஹெர்ட்ஸ்களில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் ஸ்பீக்கரில் குடியேறுகிறது.

சமனிலை இணைப்பில் ஒலிக்குறிக்கென்றே இரண்டு கம்பிகள், ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு செல்கின்றன. காப்பு வலை தனியே இருக்கிறது. பெறும் கருவி இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒலிக்குறி 1 வோல்ட் என்றால், ஒரு கம்பியில் +0.5 வோல்ட், மற்றதில் −0.5 வோல்ட். வழியில் 0.01 வோல்ட் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறுகிறது. இப்போது 0.51 வோல்ட், −0.49 வோல்ட். இரண்டின் வேறுபாடு? அதே 1 வோல்ட்! இரைச்சல் கழிந்துவிட்டது.

ஒரே பேருந்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவரை நினைத்துப் பாருங்கள். சாலையின் குலுக்கல் இருவரையும் ஒன்றாகத் தூக்கிப் போடுகிறது. அவர்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறுவதில்லை. ஆனால் ஒருவர் முன் இருக்கையிலும் மற்றவர் பின் சக்கரத்தின் மேலும் அமர்ந்தால்? குலுக்கல் சமமாக இராது, இடைவெளியும் மாறும். சமனிலை இணைப்பின் உயிர்நாடி இதுதான். இரு கம்பிகளும் நிலத்தைப் பொறுத்து ஒரே அளவு மின் எதிர்ப்பு உடையவையாக இருக்க வேண்டும். இரண்டிலும் எதிரெதிர்க் குறிகள் இருப்பது வசதிக்காக; இரைச்சலைக் கழிப்பது அந்த எதிர்ப்புச் சமமே. பலர் இதை மாற்றிப் புரிந்துகொள்கின்றனர்.

இது தொலைபேசி தந்த செல்வம். முறுக்கிய இணைக் கம்பிக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார். ஒலித்துறையில் இதற்கு மூன்று முனைகள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். இணைப்பான் வழங்குகிறது. 1-ஆம் முனை காப்பு வலைக்கு, 2-ஆம் முனை நேர்க்குறிக்கு, 3-ஆம் முனை எதிர்க்குறிக்கு. காப்பு வலையைக் கருவியின் உலோக உடலோடு இணைக்காமல், உள்ளே உள்ள சுற்றின் நிலத்தோடு இணைத்துவிட்டால், சமனிலைக் கருவியிலும் ரீங்காரம் புகும் என்பதை நீல் மன்சி என்ற பொறியாளர் 1995-இல் விளக்கிக் காட்டினார். இதற்கான முறை 2005-இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் தரவிதியாகவே வந்தது. எனவே மூன்று முனை இருப்பதாலேயே உள்ளே சமனிலை இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. இணைப்பான் ஒரு கதவு மட்டுமே. வீடு எப்படி இருக்கிறது என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

திருவிழா மைதானத்தில்

என் தாய்மாமன் எங்கள் ஊர்ப் பக்கத்தில் மைக் செட் தொழில் செய்பவர். கல்லூரி விடுமுறையில் நான் அவருக்குத் துணையாகப் போவதுண்டு. கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் இவ்விரண்டும் அவருடைய வண்டியில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. கனத்த ஒலிக்கு 'பாஸ்' பெட்டிகள், அவற்றுக்குத் தனிப் பெருக்கி. மேல் ஒலிக்கு 'டாப்' பெட்டிகள், அவற்றுக்கு வேறு பெருக்கி. முன்னால் ஒரு கிராஸ்ஓவர். மேடையிலிருந்து மிக்சர் வரை நூறு அடிக்குக் குறையாத மைக் கம்பிகள், எல்லாம் எக்ஸ்.எல்.ஆர்.

அங்கே இரண்டு நோய்களும் உண்மையிலேயே இருக்கின்றன. திறந்த வெளியில் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும். பெருக்கிகள் எல்லையை நெருங்கியே வேலை செய்கின்றன. மைக் தருவதோ சில மில்லிவோல்ட் மட்டுமே. அதன் கம்பி ஜெனரேட்டர் கம்பியையும் சீரியல் விளக்குக் கம்பிகளையும் உரசிக்கொண்டு நூறு அடி போகிறது. சமனிலை இல்லாவிட்டால் அம்மன் பாட்டுக்குப் பதில் ரீங்காரம்தான் கேட்கும்.

ஒரு நாள் அவரிடம், "மாமா, வீட்டு ஸ்பீக்கருக்கும் இப்படி ரெண்டு ஆம்ப் போடச் சொல்றாங்களே?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எடுப்பு வாய்க்கால் வெட்டுறது ஏரிக்குப்பா. தொட்டிச் செடிக்குச் சொம்புத் தண்ணி போதும்."

அவர் கற்றுக்கொடுத்த வேறொன்றும் உண்டு. எல்லாக் கருவிகளையும் போட்டபின் கடைசியாகப் பெருக்கியைப் போட வேண்டும். நிறுத்தும்போது முதலில் பெருக்கியை நிறுத்த வேண்டும். ட்வீட்டருக்கும் பெருக்கிக்கும் இடையே மின்தேக்கி இல்லாத முழுமையான இரட்டைப் பெருக்கி முறையில் இவ்வொழுங்கு மிக முக்கியம். தொடக்கத்தில் எழும் ஒரு 'தொம்' போதும், ட்வீட்டரின் மெல்லிய சுருள் கருகிப்போக.

அத்தான் வீட்டு ரீங்காரம்

இனி வீட்டுக்கு வருவோம். என் அத்தை மகன் பல ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பியவர். ஆசையோடு ஒரு ஹோம் தியேட்டர் அமைத்தார். சப்வூஃபரில் ஓயாத ரீங்காரம். வந்து பார்த்த ஒருவர், சப்வூஃபரின் மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை, அதாவது எர்த் முள்ளை, ஒடித்துவிட்டு, "இப்ப சத்தம் வராது சார்" என்று சொல்லிப் போய்விட்டார். ரீங்காரம் நின்றது. நிரந்தரத் தீர்வாக, தனிப் பெருக்கி ஒன்றும் விலையுயர்ந்த சமனிலைக் கம்பிகளும் வாங்கச் சொல்லி ஒரு கடையில் பட்டியல் கொடுத்தார்கள். அத்தான் அந்தப் பட்டியலை என்னிடம் காட்டி, "நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே தம்பி, இதெல்லாம் வேணுமா?" என்றார்.

மல்டிமீட்டரைக் கொண்டுபோய், எர்த் இழந்த சப்வூஃபரின் உலோகத் தகட்டுக்கும் சுவர் சாக்கெட்டின் எர்த்துக்கும் இடையே அளந்தேன். நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கருவிக்குள் இரைச்சல் வடிகட்டும் மின்தேக்கிகள் வழியே கசியும் மின்சாரம் அது. அதிலிருந்து பாயும் மின்னோட்டம் சிறிதுதான். ஆனால் உள்ளே ஒரு கம்பியின் காப்பு கிழிந்து தகட்டில் பட்டால் 230 வோல்ட்டும் அப்படியே வெளியே நிற்கும். எர்த் இருந்தால் பியூஸோ பிரேக்கரோ துண்டிக்கும். எர்த் இல்லையென்றால் தொடுகிறவர் உடலே எர்த்! அந்த வீட்டில் தவழும் குழந்தை ஒன்று இருந்தது. சப்வூஃபரோ தரையில்தான் இருந்தது.

முதலில் புதிய மூன்று முள் பிளக்கை மாட்டினோம். ரீங்காரம் திரும்பி வந்தது. பிறகு ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிப் பார்த்தோம். செட்டாப் பெட்டிக்கு வரும் கேபிள் டி.வி. கம்பியைக் கழற்றியதும் ரீங்காரம் சட்டென்று நின்றது. நோயின் வேர் கிடைத்துவிட்டது. தெருவிலிருந்து வரும் அந்தக் கம்பியின் வெளியுறை வேறெங்கோ நிலத்தோடு தொடர்புகொண்டிருந்தது. சப்வூஃபர் வீட்டு எர்த்தோடு தொடர்புகொண்டிருந்தது. இரு நிலங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு. கேபிள் கம்பி, செட்டாப் பெட்டி, ரிசீவர், ஆர்.சி.ஏ. கம்பியின் வலைப்பின்னல், சப்வூஃபர், எர்த் என்று ஒரு முழு வளையம். அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

கேபிள் கம்பியின் இடையே மின்தொடர்பை அறுத்து அலையை மட்டும் கடத்தும் ஒரு சிறு தனிமைப்படுத்தியைப் போட்டோம். விலை சில நூறு ரூபாய். எர்த் இருக்க, ரீங்காரம் போயிற்று. கடைக்காரரின் பட்டியலில் இருந்த இரண்டாவது பெருக்கி இந்த நோயைத் தொட்டிருக்கவே முடியாது என்பதைக் கவனியுங்கள். பெருக்கியைக் கூட்டினால் அதற்கும் ஒரு பிளக் வேண்டும், வளையங்கள்தாம் கூடும்.

அவருடைய ஸ்பீக்கர்களில் நான்கு முனைகள் இருந்தன. ஆகவே ரிசீவரிலுள்ள இரட்டைப் பெருக்கி வசதியையும் சோதித்தோம். எது எப்போது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கச் செய்தேன். வீட்டிலிருந்த யாராலும் வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வீட்டுச் சோதனையைப் பெரிய சான்றாக நான் காட்டவில்லை. மேலே கண்ட கணக்கே அதன் காரணத்தைச் சொல்கிறது. வீட்டுக் கூடத்தில் இயல்பாகக் கேட்கும் அளவுக்குச் சில வாட்டுகளே போதும். எல்லையைத் தொடாத பெருக்கிக்கு எல்லையை உயர்த்தும் வைத்தியம் எதற்கு?

இரண்டும் பொருந்தும் ஓரிடம்

அப்படியானால் வீட்டில் இவ்விரண்டுக்கும் இடமே இல்லையா? இருக்கிறது. ஓரிடத்தில், அதுவும் இரண்டும் சேர்ந்தே!

சப்வூஃபரை எண்ணிப் பாருங்கள். அதற்கென்று தனிப் பெருக்கி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ரிசீவர் 80 ஹெர்ட்ஸ் போன்ற ஓரிடத்தில் ஒலிக்குறியைப் பெருக்கிக்கு முன்னாலேயே பிரித்து, தாழ்ந்ததைச் சப்வூஃபருக்கும் மற்றதைப் பிற ஸ்பீக்கர்களுக்கும் அனுப்புகிறது. லிங்க்விட்ஸ் ஆராய்ந்த முழுமையான முறை இதுவன்றோ! இரட்டைப் பெருக்கி வேண்டும் என்று கடை கடையாக அலைகிறவர், தம் வீட்டில் அது ஏற்கனவே இருப்பதை அறியாமல் இருக்கிறார். ரிசீவரின் அமைப்பில் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று குறித்தால் போதும். கனத்த ஒலியின் சுமை அவற்றிலிருந்து இறங்கிவிடும். 'ஸ்மால்' என்பதை அவமானமாகக் கருதி 'லார்ஜ்' என்றே வைத்திருப்பவர்கள் பலர். செலவில்லாத இந்த ஒரு மாற்றம், வாங்கிப் போடும் இன்னொரு பெருக்கியைவிடப் பெரிய நன்மை செய்யும்.

சமனிலை இணைப்பும் இங்கேதான் பொருந்தும். ரிசீவருக்கு அருகிலுள்ள கருவிகளுக்கு ஒரு மீட்டர் ஆர்.சி.ஏ. கம்பி தாராளமாகப் போதும். சப்வூஃபரோ அறையின் மறுகோடியில் இருக்கிறது. கம்பி பத்து மீட்டர் வரை நீளலாம். அது வேறு சாக்கெட்டில் மின்சாரம் எடுக்கிறது. வளையம் உண்டாக எல்லா வசதியும் உள்ள இடம் அது. இரு கருவிகளிலும் எக்ஸ்.எல்.ஆர். இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். சப்வூஃபரில் மட்டும் சமனிலை உள்ளீடு இருந்தாலும், முறுக்கிய இணைக் கம்பியால் ஆர்.சி.ஏ. முனையின் நடுவை 2-க்கும் உறையை 3-க்கும் இணைத்தால் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதுவும் இல்லையென்றால் ஒலிக்குறிக்கான சிறு மின்மாற்றி ஒன்றை இடையில் வைக்கலாம். முதற்சுற்றுக்கும் துணைச்சுற்றுக்கும் மின்தொடர்பு இல்லாமலே குறி கடந்துவிடும். இதை நாம் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறோம்.

மைக் செட் கடையில் கிடைக்கும் பெருக்கியை வீட்டு ரிசீவரோடு சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான அளவு 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளின் வழக்கமான அளவு 0.316 வோல்ட். ஏறத்தாழ 12 டெசிபெல் வேறுபாடு. முனைகள் பொருந்தியும் ஒலி குறைவாக வந்தால், கருவி பழுது என்று எண்ண வேண்டாம். இதுவே காரணமாக இருக்கலாம்.

ஸ்பீக்கர் கம்பிக்கும் சமனிலை வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். பெருக்கியின் வெளியீட்டில் மின் எதிர்ப்பு மிகக் குறைவு. குறியோ பல வோல்ட். வழியில் ஏறும் இரைச்சல் அங்கே செவிக்கு எட்டாது. நீளத்துக்கேற்ற பருமனுள்ள செம்புக் கம்பி இருந்தால் போதும்.

முடிவாக

பெருக்கி தன் எல்லையைத் தொடுகிறது என்றால், முன்னாலேயே பிரித்துத் தனிப் பெருக்கி கொடுப்பது மருந்து. நீண்ட கம்பியில் இரைச்சல் ஏறுகிறது என்றால், சமனிலை இணைப்பு மருந்து. இந்த இரண்டு நோயும் இல்லாத இடத்தில் இந்த இரண்டு மருந்தும் வெறும் செலவு. எதை வாங்கச் சொன்னாலும், 'இது எந்தக் குறையைத் தீர்க்கும்? அந்தக் குறை என் வீட்டில் இருப்பதை எப்படிக் காட்டுவீர்கள்?' என்று கேட்கும் துணிவை இயற்பியல் நமக்குத் தருகிறது. ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமையையும் அதுவே தருகிறது. இவ்விரண்டுக்கும் விலை இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். உறவினர் வீடுகளில் மின்கருவி ஏதேனும் பழுதென்றால் 'காலேஜில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடு' என்பார்கள். அப்படிப் போகும் இடத்தில் ஒடிந்த எர்த் முள் கண்ணில் பட்டால், மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ரீங்காரம் காதுக்குத் தொல்லை. எர்த் இல்லாமை உயிருக்குத் தொல்லை. ரீங்காரத்தை ஒழிக்க ஆயிரம் வழி உண்டு. எர்த்தைத் துண்டிப்பது அவற்றுள் ஒன்றன்று.